தொண்டைமான்: ஓர் அரிய பட்டப்பெயரின் தோற்றமும் பரவலும்

ஆய்வுச்சுருக்கம்

புதுக்கோட்டை மன்னர் மரபின் பெயராக அறியப்படும் ‘தொண்டைமான்’ என்னும் சொல், சங்க நூல்களில் குடிவழிப் பெயராகவும், சோழர் காலத்தில் அரசன் அளிக்கும் பட்டமாகவும், பிற்காலத்தில் கள்ளர் சமூகத்தின் பட்டப்பெயராகவும், இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய முறையிலான குடும்பப்பெயராகவும் வழங்கியுள்ளது. அரிய பெயரைத் தாங்கியோர் அனைவரும் ஒரே மூதாதையின் வழியினர் என்னும் கருத்து பிரிட்டன் நாட்டுக் குடும்பப்பெயர் ஆய்வில் பெருமளவு பொருந்துகிறது. தொண்டைமான் என்னும் பெயருக்கு அது பொருந்தாது என்பதையும், பெயரின் தொடர்ச்சியைக் குருதியின் தொடர்ச்சியாகக் கொள்வது வரலாற்று எழுத்தில் பிழையான முடிவுகளுக்கு இட்டுச் செல்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தொண்டைமான், பட்டப்பெயர், குடும்பப்பெயர், புதுக்கோட்டை, அறந்தாங்கி, பல்லவராயர், கள்ளர்

முன்னுரை

தமிழகத்தின் வட்டார வரலாறுகளிலும் சாதி வரலாறுகளிலும் ஒரு சங்கிலி அடிக்கடி காணப்படுகிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் அதன் முதற்கண்ணி. அவனை அடுத்துப் பல்லவர், பின்னர்க் கலிங்கம் வென்ற கருணாகரத் தொண்டைமான், அவனுக்குப் பின் அறந்தாங்கித் தொண்டைமான்கள், இறுதியில் புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் என அது நீள்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளை ஒரே குடும்பத்தின் கதையாக ஆக்கும் இச்சங்கிலியில் கண்ணிகளைப் பிணைப்பது ஒரே ஒரு சான்றுதான். அது பெயர் ஒப்புமை.

பெயர் ஒப்புமை சான்றாகுமா என்னும் வினாவைப் பிரிட்டனில் குடும்பப்பெயர்களை ஆராய்ந்தோர் நெடுங்காலமாக எழுப்பி வந்துள்ளனர். இங்கிலாந்தில் 1066-ஆம் ஆண்டின் நார்மானியப் படையெடுப்புக்குப் பின் மரபுவழிக் குடும்பப்பெயர்கள் மெல்ல வேரூன்றின. ஏறக்குறைய 1400-க்குள் பெரும்பாலான குடும்பங்களுக்கு அவை நிலைபெற்றுவிட்டன. ஊர், தொழில், தந்தை பெயர், பட்டப்புனைவு என்னும் நான்கனுள் ஒன்று பெரும்பாலும் அவற்றின் மூலமாக இருந்தது. கொல்லரைக் குறிக்கும் ‘ஸ்மித்’ போன்ற பெயர் நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியே தோன்றியது. ஒரு சிற்றூரின் பெயரிலிருந்தோ விந்தையான அடைமொழியிலிருந்தோ பிறந்த அரிய பெயரோ பெரும்பாலும் ஒரே ஒருவரிடமிருந்து கிளைத்தது. 1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு வரைபடம் வரைந்தால், அத்தகைய பெயர் ஒரு வட்டாரத்தில் திரண்டு நிற்பதைக் காணலாம். பிரையன் சைக்ஸ் தம் குடும்பப்பெயரையே எடுத்துக்கொண்டு 2000-இல் வெளியிட்ட மரபணு ஆய்வும், டூரி கிங், மார்க் ஜாப்ளிங் ஆகியோர் 40 பெயர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வும் இக்கருத்துக்கு வலுவூட்டின. பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு அதைத் தாங்கிய ஆண்களின் ஒய்-குரோமோசோம் ஒற்றுமை மிகுகிறது என்பது பின்னதன் முடிவு.

தொண்டைமான் என்பதும் அரிய பெயரே. முதலியார், பிள்ளை, தேவர் போலப் பல இலட்சம் பேர் தாங்கிய பெயரன்று. எனவே பிரிட்டன் ஆய்வின் தருக்கத்தை இங்கே பொருத்திப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பு. ஆயின் அங்கே பெயர் பரவியது பிறப்பினால். இங்கே பரவியது பெரிதும் கொடையினால். இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையம்.

சொல்லும் பொருளும்

அதியமான், சேரமான், மலையமான் ஆகிய பெயர்களின் இறுதியில் நிற்கும் ‘மான்’ என்பது ‘மகன்’ என்பதன் மரூஉ எனக் கொள்வது மொழியியலார் பலரும் ஏற்ற விளக்கம். அதியர் குடியில் வந்தவன் அதியமான். தொண்டையர் குடியில் வந்தவன் தொண்டைமான். இதற்கு இணையான பெண்பால் ஈறு ‘மாள்’. வேள் குடிப் பெண்ணை வேண்மாள் என வழங்கும் சங்க வழக்கு இதனைத் தெளிவாக்கும். ஆதலின் தொண்டைமான் என்பது இலக்கண அமைப்பால் ஆண்பால் ஒருமைப் பெயர். ஒரு குடும்பம் முழுவதையும் சுட்டும் பெயராக அது பிறக்கவில்லை. பின்னர் வரும் செய்திகளுக்கு இது முதன்மையானது.

‘தொண்டை’ என்பது யாது? கோவைக் கொடி என்பர் ஒரு சாரார். ஆதொண்டைக் கொடி என்பர் மற்றொரு சாரார். சோழ மன்னனுக்கும் நாகநாட்டு மகளுக்கும் பிறந்த குழந்தை, அடையாளமாகத் தொண்டைக் கொடி சுற்றப்பட்டுக் கடல்வழி வந்து சேர்ந்தான் என்னும் கதையைப் பெரும்பாணாற்றுப்படை உரையில் நச்சினார்க்கினியர் எடுத்துரைக்கிறார். பெயருக்கு விளக்கம் தரப் பிறந்த கதை என்றே இதனைக் கருத வேண்டும். ‘பல்லவம்’ என்னும் வடசொல் தளிரைக் குறித்தலால் பல்லவர் என்பதே தொண்டையர் என்பதன் மொழிபெயர்ப்பு என்று கொண்டோரும் உளர். அக்கருத்து ஏற்புடையதோ அன்றோ, பல்லவர் காலத்திலேயே காஞ்சி அரசனைத் தொண்டையர் கோன் என அழைக்கும் வழக்கு இருந்தது என்பதற்குத் திருமங்கையாழ்வாரின் பாசுரம் சான்று.

சங்க நூல்களில் இப்பெயர் பெறும் இடம் சிறியதாயினும் உறுதியானது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படைக்குத் தொண்டைமான் இளந்திரையன் பாட்டுடைத் தலைவன். புறநானூற்றின் 185-ஆம் பாடல் அவன் பாடியதாக வழங்குகிறது. அதியமான் நெடுமானஞ்சியின் தூதராக ஒளவையார் தொண்டைமானிடம் சென்ற நிகழ்ச்சியைப் புறநானூற்றின் 95-ஆம் பாடல் பேசுகிறது. இவ்விடங்களிலெல்லாம் பெயர் காஞ்சியோடும் அதைச் சூழ்ந்த நாட்டோடும் பிணைந்துள்ளது. புதுக்கோட்டைப் பகுதிக்கும் இதற்கும் அக்காலத்தில் தொடர்பு எதுவும் தென்படவில்லை.

பெயர் பட்டமாதல்

இப்பெயர் தெற்கே வந்த வழி சோழர் ஆட்சியில் திறந்தது. முதலாம் ஆதித்தன் (871–907) தொண்டை நாட்டைச் சோழப் பேரரசோடு இணைத்த பின், வென்ற நாட்டின் அரசப் பெயர்கள் வென்றவனின் கருவூலத்தைச் சேர்ந்தன. பல்லவரையன், தொண்டைமான் முதலியவை அரசன் தன் அதிகாரிகளுக்கும் படைத்தலைவர்களுக்கும் வழங்கும் பட்டங்களாயின. பட்டம் வழங்குதல் எவ்வாறு நிகழ்ந்தது என்பதைத் தில்லைத்தானக் கல்வெட்டு நேரடியாகக் காட்டுகிறது. ஆதித்தனும் சேர மன்னன் தாணு இரவியும் சேர்ந்து விக்கி அண்ணன் என்பவனுக்கு இருக்கை, சாமரம், பல்லக்கு, முரசு, யானைப்படை முதலிய சிறப்புகளோடு ‘செம்பியன் தமிழவேள்’ என்னும் பட்டத்தையும் அளித்ததை அக்கல்வெட்டு குறிக்கிறது. செம்பியன் என்பது சோழனின் பெயர். அதைப் பெற்றமையால் விக்கி அண்ணன் சோழனாகிவிடவில்லை. இதே அளவுகோலைத் தொண்டைமானுக்கும் பல்லவராயருக்கும் பயன்படுத்த நம் வரலாற்றாசிரியர் பலர் தயங்குவது வியப்பளிக்கிறது.

கருணாகரத் தொண்டைமான் இதற்குத் தக்க சான்று. முதற் குலோத்துங்கனின் படைத்தலைவனாகப் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிங்கத்தின்மேல் சென்ற இவனைச் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி பல்லவர் குலத்தோனாகப் புகழ்கிறது. காஞ்சிபுரத்துத் திருமால் கோயிலில் இவன் மனைவி அளித்த கொடையைக் கூறும் கல்வெட்டோ இவனைத் திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரியைச் சேர்ந்த வேளான் கருணாகரன் என்றும், அவனே தொண்டைமான் என்றும் குறிக்கிறது. திருநறையூர் கும்பகோணத்தை அடுத்தது. சோழ மண்டலத்தின் நெஞ்சுப்பகுதி. ‘வேளான்’ என்பது நிலவுடைமை சார்ந்த பெயர். ஆக, கல்வெட்டின்படி ஊர் காவிரிக் கரையது, இயற்பெயர் கருணாகரன், ‘ஆன’ என்னும் சொல்லுக்குப் பின் வருவதே தொண்டைமான். பரணி பாடிய புலவர் பட்டத்தைக் குலமாக்கினார். புலவர்க்கு அது உரிமை. ஆய்வாளர் அவரைப் பின்தொடர வேண்டுவதில்லை.

‘இன்னான் ஆன இன்னான்’ என்னும் இவ்வமைப்பு சோழர் கல்வெட்டுகளில் ஆயிரக்கணக்கில் உள்ளது. நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் 1978-இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்க் கோவை, இப்பெயர்களை உடைமை, பதவி, பட்டம் எனப் பகுத்துக் காண வழிசெய்தது. அவ்வழியில் நோக்குவோர்க்குப் பட்டத்தின் இயல்பு விளங்கும். ஒரே தலைமுறையில் வெவ்வேறு ஊரினர், வெவ்வேறு குடியினர் ஒரே பட்டத்தைத் தாங்குகின்றனர். இரண்டாம் இராசராசனின் அமைச்சர் பெருமானம்பி பல்லவராயர் எனப்பட்டதும் இவ்வகையினதே.

இரு தொண்டைமானாறுகள்

பெயர் மனிதரோடு மட்டும் பயணம் செய்வதில்லை, நிலத்திலும் படிகிறது. முதலாம் ஆதித்தனைத் ‘தொண்டைமானாற்றூர்த் துஞ்சிய’ அரசனாகக் கல்வெட்டுகள் சுட்டுகின்றன. அவ்வூர் காளத்திக்கு அருகில் இன்று தொண்டமநாடு என வழங்கும் இடமாக அடையாளம் காணப்பட்டுள்ளது. அங்கே அவனுக்குப் பள்ளிப்படை எழுப்பப்பட்டது. திருமலைக் கோயிலின் தலபுராணக் கதைகளிலும் தொண்டைமான் சக்கரவர்த்தி ஒருவன் வருகிறான். தொண்டை நாட்டின் வட எல்லையில் பெயர் இவ்வாறு நிலைத்தது.

மற்றொரு தொண்டைமானாறு கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்து வடமராட்சியில் உள்ளது. செல்வச்சந்நிதி முருகன் கோயிலால் இன்று பலரும் அறிந்த ஊர் அது. உப்பு ஏற்றிச் செல்லும் பொருட்டுத் தொண்டைமான் என்பான் அங்குள்ள சிற்றாற்றை ஆழப்படுத்தினான் என்று மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை கூறுகிறது. ஒல்லாந்தர் காலத்தில் எழுந்த இந்நூலின் பழஞ்செய்திகளை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். அந்தத் தொண்டைமான் கருணாகரனே என்று சிலர் உறுதிபடக் கூறுவதற்கும் பெயர் ஒப்புமைக்கு மேற்பட்ட அடிப்படை இல்லை.

அறந்தாங்கியும் அம்புநாடும்

புதுக்கோட்டைப் பகுதி சோழ, பாண்டிய நாடுகளின் எல்லையில், வெள்ளாற்றின் இரு கரைகளிலும் அமைந்தது. பேரரசுகள் தளர்ந்த 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் இங்கே ஊரவர் அரையர்களிடம் பாடிகாவல் உரிமையை ஒப்படைத்த செய்திகளைக் கல்வெட்டுகள் மிகுதியாகத் தருகின்றன. காவலுக்கு ஈடாக நிலம், விளைச்சலில் பங்கு, கோயிலில் முதன்மை ஆகியவற்றைப் பெற்ற இத்தலைவர்கள், மறைந்துபோன பேரரசின் பட்டங்களைத் தம் பெயர்களில் காத்தனர். தொண்டை நாட்டிலிருந்து பல நாள் நடைத்தொலைவில் உள்ள ஒரு வறண்ட நிலப்பகுதியில் தொண்டைமான்களும் பல்லவராயர்களும் செறிந்திருப்பதற்குப் பெருங்குடிப்பெயர்ச்சி ஒன்றைக் கற்பித்துக்கொள்ளத் தேவையில்லை. சோழ ஆட்சியின் பட்டமுறையும் அதன் சிதைவுக்குப் பின் எழுந்த காவல் தலைமையுமே போதிய விளக்கமாகும்.

இங்குத் தெளிவாகத் தெரியவரும் முதல் தொண்டைமான் மரபு அறந்தாங்கியினது. 15, 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் ஏகப்பெருமாள் தொண்டைமான், பொன்னம்பலநாதத் தொண்டைமான் முதலியோர் காணப்படுகின்றனர். ஈழத்தில் திறை கொண்டதாகப் பெருமை கூறும் விருதும் அவர்களுக்கு உண்டு. புதுக்கோட்டைத் தனியரசின் கல்வெட்டு மூலங்கள் 1929-இல் தொகுத்து வெளியிடப்பட்டபோது அறந்தாங்கி அந்த அரசின் எல்லைக்கு வெளியே, தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1974 சனவரி 14-இல் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டப் பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டை மாவட்டம் அமைக்கப்பட்ட பின்னரே இரு தொண்டைமான்களின் ஊர்களும் ஒரே நிருவாக எல்லைக்குள் வந்தன. மாவட்ட வரலாறு எழுதுவோர் இரண்டையும் ஒரே மரபாகத் தொடுப்பதில் இந்த 1974-ஆம் ஆண்டுக் கோட்டுக்கும் ஓரளவு பங்குண்டு என்பது என் கருத்து.

புதுக்கோட்டை மரபின் பழங்கதை அறந்தாங்கியைச் சுட்டவில்லை, திருப்பதியைச் சுட்டுகிறது. ‘தொண்டைமான் வம்சாவளி’ என்னும் தெலுங்கு நூல், திருமலைத் தொண்டைமான் என்பவர் திருப்பதிப் பக்கத்திலிருந்து வந்து கறம்பக்குடியில் தங்கினார் என்று கூறி, மரபின் தொடக்கத்தை இந்திரனோடும் இணைக்கிறது. தொண்டமநாடும் தொண்டைமான் சக்கரவர்த்தி கதையும் அதே வட்டாரத்தன என்பதை நினைவிற்கொண்டால், வரலாற்று நினைவு எது, பெயரிலிருந்து புனைந்துகொண்ட மூலம் எது எனப் பிரிப்பது கடினம் என்பது புலப்படும். அரசு நிலைபெற்ற பின் அரசவைப் புலவர் செய்த நூலில் இத்தகைய மூலக்கதை இடம்பெறுவது தென்னிந்தியப் பாளைய மரபுகள் பலவற்றிலும் பொதுவானது.

உறுதியாகத் தெரிவது 17-ஆம் நூற்றாண்டுச் செய்திதான். கறம்பக்குடிக்கு அருகில் அம்புநாட்டுக் கள்ளரிடையே ஆவுடை இரகுநாதத் தொண்டைமான் தலைமை பெற்றிருந்தார். அவர் மகன் இரகுநாதத் தொண்டைமானின் உடன்பிறந்தாள் காதலி நாச்சியாரை இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி மணந்தார். வெள்ளாற்றுக்குத் தெற்கே ஆட்சி செய்த பல்லவராயரை அகற்றி, 1686-ஐ ஒட்டி அப்பகுதியைச் சேதுபதி தம் மைத்துனருக்கு வழங்கினார். இரகுநாதரின் தம்பி நமனத் தொண்டைமான் குளத்தூரில் தனிப் பாளையம் அமைத்தார்.

இந்த மாற்றத்தின் பெயர்ச்சுவையைக் கடந்து செல்ல இயலவில்லை. அகற்றப்பட்டவர் பல்லவராயர், அமர்த்தப்பட்டவர் தொண்டைமான். சொற்பொருளின்படி இரண்டும் காஞ்சி அரசனையே குறிப்பன. பல்லவரின் அரசு முடிந்து எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், அவர்தம் நாட்டுக்குத் தெற்கே நெடுந்தொலைவில், அவர்களின் பெயரைத் தாங்கிய இரு தலைமைகளுள் ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பெற்றது.

அரசப் பெயராதல்

1686 முதல் 1948 வரை புதுக்கோட்டையை ஆண்ட ஒன்பதின்மரின் பெயர்களை வரிசைப்படுத்தினால் ஆய்வாளர்க்கு இடர்ப்பாடு தோன்றும். இரகுநாதராயத் தொண்டைமான், விசயரகுநாதராயத் தொண்டைமான், இராயரகுநாதத் தொண்டைமான், விசயரகுநாதத் தொண்டைமான் எனப் பெயர்கள் சுழன்று வருகின்றன. ‘இரகுநாத’ என்பது சேதுபதிகளின் பெயர்களிலும் காணப்படுவது. ‘இராய’ என்பது விசயநகர அரசன் அளித்த சிறப்பாக மரபு கூறுவது. ஆக, இயற்பெயரின் இடத்தில் நிற்பவையும் பெற்றுக்கொண்ட பெருமைகளே. ஆளும் மனிதர் தமக்கே உரிய பெயரின்றி, அடுக்கிய பட்டங்களாலேயே அறியப்பட்டார்.

ஆங்கிலேயர் இதனைத் தம் முறையில் புரிந்துகொண்டனர். கருநாடகப் போர்களை எழுதிய இராபர்ட் ஓர்ம் முதலியோர் புதுக்கோட்டை மன்னரைத் ‘தொண்டிமான்’ என்றே, அதுவே ஒரு தனிமனிதரின் பெயர் போலக் குறித்தனர். 1750-களில் திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது உணவு அனுப்பிய தொண்டிமானும், 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்தளித்த தொண்டிமானும் வெவ்வேறு மன்னர்கள். மக்கள் நினைவிலோ இரண்டாம் நிகழ்ச்சி பெயரின் மேலேயே படிந்துவிட்டது. விசயரகுநாதத் தொண்டைமான் (1789–1807) என்னும் ஒருவரின் செயல், அப்பெயர் தாங்கிய எல்லோரின் மேலும் ஏற்றப்படுவதை மேடைப்பேச்சிலும் திரைப்படத்திலும் காண்கிறோம். பட்டத்தைக் குடும்பப்பெயராகப் படிப்பதன் விளைவுகளுள் இதுவும் ஒன்று.

குருதித் தொடர்ச்சி பற்றிய கேள்விக்கு அரண்மனை வரலாறே விடை தருகிறது. இராமச்சந்திரத் தொண்டைமான் (1839–1886) ஆண் வாரிசின்றித் தம் மூத்த மகள் பிரகதாம்பாள் இராசாமணி பாயி சாகிபின் மகனைத் தத்து எடுத்தார். அவரே 1886-இல் பட்டம் பெற்ற மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அவரைப் பெற்ற தந்தை குழந்தைசாமிப் பல்லவராயர். தந்தைவழி மரபணுவைக் கொண்டு பெயரின் மூலத்தைத் தேடும் பிரிட்டன் முறையை இங்கே செயற்படுத்தினால், தொண்டைமான் அரசரிடம் கிடைப்பது பல்லவராயர் மரபே. தாய்வழியாலும் தத்தாலும் பட்டம் கைமாறுவது நம் மரபில் முறையானது. பெயரைக் காத்தது சட்டமும் சடங்கும், உயிரணு அன்று.

அரண்மனைப் பெண்டிரின் பெயர்களில் ஆயி, பாயி சாகிபு முதலிய மதிப்புச் சொற்களே நிற்கின்றன. தொண்டைமான் என்பது வழங்குவதில்லை. ‘மான்’ ஈற்றின் ஆண்பால் தன்மை மறந்துபோன பின்னும் அதன் வழக்கு எல்லை மாறாமல் நீடித்தது குறிப்பிடத்தக்கது.

கள்ளர் பட்டப்பெயர் முறையில் தொண்டைமான்

தஞ்சை, புதுக்கோட்டைக் கள்ளரிடையே பட்டப்பெயர்கள் மிகப் பல. வாண்டையார், மழவராயர், பல்லவராயர், சேதுராயர், இராங்கியர் என அவை நீளும். ந.மு. வேங்கடசாமி நாட்டார் தம் ‘கள்ளர் சரித்திரம்’ நூலில் (1923) இவற்றைத் திரட்டித் தந்துள்ளார். அவர் நோக்கம் சமூகத்தின் பழம்பெருமையை நிறுவுதல். எனினும் அவர் தந்த பட்டியல் இன்றும் பயன்படும் மூலமாகும். நிக்கோலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டையைப் பற்றி 1987-இல் வெளியிட்ட நூல் வேறு கோணத்தில் இதை அணுகியது. பட்டம், மானியநிலம், கோயில் முதன்மை ஆகியவற்றை அரசன் பகிர்ந்தளிப்பதன் வழியாகவே உறவுமுறையும் அமைந்தது என்பது அவர் வாதம். அவ்வாதத்தின் முழுமையையும் ஏற்காதவரும், அம்புநாட்டில் அரச உறவு கொண்ட கிளைகள் பிற நாட்டுக் கள்ளரினும் உயர்ந்து நின்றதற்கு அரசாட்சியே காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

இம்முறையில் ஒரே பட்டத்தார் பங்காளிகளாகக் கருதப்பட்டுத் தமக்குள் மணவுறவு கொள்வதில்லை. எனவே பட்டப்பெயருக்கு நடைமுறையில் ஓர் இன்றியமையாப் பணி உண்டு. அது மணத்தை ஒழுங்குபடுத்துகிறது. ஆனால் ‘ஒரே பட்டத்தார் ஒரே முன்னோரின் மக்கள்’ என்பது மணவிலக்குக்கு வேண்டிய கருத்தேயன்றி வரலாற்றுச் செய்தியன்று. பட்டமுறையின் உள்ளிருந்து பேசுவோருக்கு அக்கருத்து மெய். அதைக் கல்வெட்டின்மேல் ஏற்றும்போதுதான் இடர் விளைகிறது.

ஆவணங்களில் மறைதலும் கடல்கடந்து நிலைத்தலும்

இன்று இப்பெயரின் பரவலை அளக்க விரும்புவோர்க்கு 1881-ஆம் ஆண்டின் பிரிட்டன் கணக்கைப் போன்ற கருவி தமிழகத்தில் இல்லை. வாக்காளர் பட்டியலில் ஒருவரின் பெயரும் தந்தை அல்லது கணவரின் பெயரும் இருக்கும். பட்டப்பெயருக்கு அங்கே தனியிடம் கிடையாது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு தீர்மானித்ததும், அதற்குப்பின் பள்ளிப் பதிவேட்டிலும் அலுவலகத்திலும் தலைப்பெழுத்து முறை வேரூன்றியதும் பட்டப்பெயர்களைப் பொது ஆவணங்களிலிருந்து அகற்றின. அவை திருமண அழைப்பிதழ், காதணி விழா அழைப்பிதழ், கோயில் திருவிழாத் துண்டறிக்கை, இறப்புச் செய்தி ஆகியவற்றில் தொடர்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தில் தொண்டைமான் என்னும் பெயரின் உண்மையான அடர்த்தியை அறிய வேண்டுமாயின், பெயரை மறைக்கும் அரசுப் பதிவேடுகளை விட்டு இவ்வகைத் தாள்களையே திரட்ட வேண்டும். பல்கலைக்கழகத் துறைகள் இவற்றை ஆவணமாகக் கருதத் தொடங்குவது நன்று.

ஒரே குடும்பத்தில் பெயர் இருவகையாக நின்றதற்குத் திருநெல்வேலியில் சான்று உண்டு. ‘வேங்கடம் முதல் குமரி வரை’ எழுதிய தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் (1904–1965) பட்டத்தைப் பெயரின் இறுதியில் வைத்தார். அவர் தம்பி, பொதுவுடைமைச் சார்புடைய எழுத்தாளர் தொ.மு.சி. ரகுநாதன் (1923–2001), அதை முதலெழுத்துக்குள் ஒடுக்கிக்கொண்டார். பெயர்ப் பட்டியலை மட்டும் நோக்கும் ஆய்வாளருக்கு அண்ணன் தொண்டைமான், தம்பி அல்லர்.

இலங்கையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. இன்றைய சிவகங்கை மாவட்டத்து முனப்புதூரில் 1913-இல் பிறந்த சௌமியமூர்த்தி தொண்டமான், தந்தை கருப்பையா இருந்த மலையகத்துக்குச் சிறுவயதில் சென்றார். 1947-இல் நுவரெலியாத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகி, 1978-இல் அமைச்சரானார். தந்தை பொதுவாழ்வில் கருப்பையா என்றே அறியப்பட, மகனிடம் பட்டம் பெயரின் பகுதியாயிற்று. பெயரன் ஆறுமுகன் தொண்டமானிடமும் (1964–2020), அவர் மகன் ஜீவன் தொண்டமானிடமும் அது முழுமையான குடும்பப்பெயராயிற்று. ஆங்கில முறைப் பதிவும் தேர்தல் அரசியலும் ஒரு பட்டத்தை இரண்டு மூன்று தலைமுறைக்குள் பிரிட்டன் பாணிக் குடும்பப்பெயராக்கியதை இங்கே ஆண்டு வரையறையோடு காண முடிகிறது. இடையில் ஐகாரம் குறுகித் ‘தொண்டமான்’ என ஒலிப்பதைத் தனிப்பெயராகக் கொள்ள வேண்டியதில்லை. பேச்சுவழக்கில் புதுக்கோட்டையிலும் அவ்வாறே ஒலிக்கிறது. உரோமன் எழுத்தில் இப்பெயருக்கு நான்கைந்து வடிவங்கள் உள்ளன என்பதைக் கப்பல் பயணப் பட்டியல்களையும் தோட்டப் பதிவேடுகளையும் தேடுவோர் மனத்திற்கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியச் சான்று இவற்றினும் கூர்மையானது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 ஆகஸ்டில் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்னும் ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். மறு ஆண்டு சிட்னியில் பிறந்த மகனுக்கு மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் எனப் பெயரிடப்பட்டது. ஐரோப்பிய முறைப்படி முதற்பெயர், இடைப்பெயர், குடும்பப்பெயர் என மூன்றும் அமைந்த பெயர் அது. பிரிட்டிஷ் அரசு மோலியை மகாராணியாகவோ மகனை வாரிசாகவோ ஏற்கவில்லை. மார்த்தாண்டர் தம் இறுதி ஆண்டுகளை வெளிநாட்டில் கழித்து 1928-இல் பாரிசில் இறந்தார். அரச குடும்பத்தின் வேறு கிளையைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுவர் இராசகோபாலத் தொண்டைமான் புதுக்கோட்டையில் அரசராக்கப்பட்டார். 1948 மார்ச் 3-இல் தனியரசு சென்னை மாகாணத்தோடு இணையும் வரை அவரே ஆண்டார். தந்தைவழியில் பல்லவராயரின் பேரனாகிய சிட்னி தொண்டைமானுக்குக் கிடைத்தது பெயர் மட்டுமே. அப்பெயரோடு வரவேண்டிய பட்டமும் நிலமும் கோயில் முதன்மையும் மற்றொரு தொண்டைமானைச் சேர்ந்தன.